நாற்பது நிமிடத்தில் ஒரு சாவு

அந்த அறையில் பதினோரு பேர் இருந்தோம். பதினோரு பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கு ஒரு பரீட்சை அட்டை, ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள். தி. நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பாத்திரக் கடையின் இரண்டாவது மாடி. மாடிப்படி நெடுகப் புத்தகக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஏறும்போதே பைண்டிங் பசை வாடை மூக்கில் ஏறியது. கீழே கடையில் யாரோ ஒரு எவர்சில்வர் குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் உள்ளே வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாப்பது நிமிஷம். தலைப்பு, 'நான் அழுத நாள்'. ஒரு பக்கத்துக்கு மேல வேணாம். உண்மையா எழுதணும். மொதலாளி அண்ணாச்சிக்குப் பொய் பிடிக்காது."

அந்தப் பதிப்பகத்தில் உதவி ஆசிரியர் வேலைக்குத்தான் விளம்பரம் கொடுத்திருந்தார்கள். மெய்ப்புப் பார்க்கச் சொல்வார்கள் என்று நினைத்து, திருத்தக் குறிகளை எல்லாம் இரண்டு நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. எப்போது அழுதாய் என்று கேட்டார்கள்.

முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, "இங்கிலீஷ்ல எழுதலாமா சார்?" என்றாள். மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

இந்த வாரம் என் முறை

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து மற்றவர்கள் எனக்குச் செய்ததையே எழுதி வருகிறேன். போன வாரம் ஒரு வாசகி, "உங்கள் கதையில் உங்களைத் தவிர எல்லாரும் கெட்டவர்கள்தானா?" என்று கேட்டு எழுதியிருந்தார். படித்ததும் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து யோசித்தால் அவர் கேட்டது நியாயம் என்று பட்டது. அதனால் இந்த வாரம் என் முறை.

அந்தக் கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் என் பெயரையும் அதோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அது நான் போன ஆறாவது இன்டர்வியூ. எல்லாமே புத்தகக் கம்பெனிகள். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு வேறு எங்கே போவது?

அடையாறில் குழந்தைகள் புத்தகம் போடும் ஓர் இடத்தில் என்னை அணில் மாதிரி பேசிக் காட்டச் சொன்னார்கள். பேசினேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் சிரிக்காமல் குறிப்பு எடுத்தார்கள். அபிராமபுரத்தில் ஒரு பங்களா, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே இருந்த மாமி என் சான்றிதழ்களைத் திறக்கவே இல்லை. "எந்த ஊர்? அப்பா என்ன பண்றார்? ஆத்துல யாரெல்லாம் படிச்சிருக்கா?" என்று வரிசையாகக் கேட்டார். அப்பா பஸ் கண்டக்டர் என்றதும், "சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்துவிட்டார். கிண்டியில் ஒருவர் எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த வருடம் கல்யாணம் ஆகாது என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்றார்.

ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் நைனா கேட்பார். நைனா என்றால் என் அப்பா. "இன்னாம்மா ஆச்சு?" அவ்வளவுதான். அடுத்த கேள்வி கிடையாது. சொல்லி அனுப்புவார்களாம் என்பேன். "அனுப்புவாங்க, அனுப்புவாங்க" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அந்த ஒரு கேள்விக்கு ஆறாவது முறை பதில் சொல்ல என்னால் முடியாது என்று நினைத்துக்கொண்டுதான் அந்தப் படியில் ஏறினேன்.

சாதிக் சொன்ன வழி

தாள் கொடுப்பதற்கு முன்பு ஒரு மணி நேரம் உட்கார வைத்திருந்தார்கள். அப்போது என் போன் அடித்தது.

"இன்னாம்மா, கூப்ட்டாங்களா?"

"இல்ல நைனா, இன்னும் கூப்டல. நீ டூட்டியில தானே இருக்க? வை."

"பஸ் ஸ்டாண்ட்ல டீ குடிச்சிகினு கீறேன். இங்கதான், பத்து நிமிஷம் நடந்தா உன் ஆபீஸ். வரட்டா?"

"வேணாம் நைனா."

பட்டினப்பாக்கத்திலிருந்து தி. நகர் வரும் பேருந்தில் அவருக்கு வேலை. ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த பஸ் ஸ்டாண்டுக்கு வருவார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது.

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். நாற்பது வயது இருக்கும். ராயப்பேட்டைக்காரர், பெயர் சாதிக். இருபது வருடமாக டி.டி.பி. வேலை பார்த்தவர், வேலை செய்த அச்சகத்தை மூடிவிட்டார்களாம்.

"நைனாவா? கண்டக்டரா?"

ஆமாம் என்றேன்.

"எனக்கு இது மூணாவது தடவ. வருஷா வருஷம் ஆள் எடுப்பாங்க. இங்க வேற டெஸ்ட் ஒண்ணும் கெடையாது, கட்டுரை மட்டும்தான். செலக்ட் ஆனவங்க கிட்ட எல்லாம் கேட்டுப் பாத்துட்டேன். எல்லாமே சாவு. சாவு எழுதுனா பாஸ்."

"நீங்க என்ன எழுதுனீங்க?"

"மொத தடவ என் கல்யாணத்து அன்னிக்கு அழுதத எழுதினேன். ரெண்டாவது தடவ பொண்ணு பொறந்தது. நம்ம வீட்ல அந்த மாதிரி சாவு ஒண்ணும் இன்னும் வரல, அல்லா புண்ணியம்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் எதுனா நல்லதாத்தான் எழுதணும். இல்லாதத எழுத வராது எனக்கு."

இல்லாததை எழுத எனக்கு நன்றாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு விசில், இரண்டு விசில்

எங்கள் வீட்டிலும் சாவு இல்லை. மந்தைவெளியில் ஒண்டுக் குடித்தனம், நைனா, அம்மா, நான். மூன்று பேரும் கல்லு மாதிரி இருந்தோம். நான் அழுத நாட்கள் எல்லாம் வேலை கிடைக்காத நாட்கள்தான். அதை வேலை கேட்கும் இடத்தில் எழுத முடியாது.

பத்து நிமிடம் போய்விட்டது. முன்வரிசைப் பெண் எழுதிக்கொண்டே நிஜமாக அழ ஆரம்பித்தாள். ஒருவர் தன் பயோடேட்டாவையே மறுபடியும் கோர்வையாக எழுதிக்கொண்டிருந்தார். சாதிக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சிரித்தபடி எழுதினார்.

நான் நைனாவின் விசிலில் ஆரம்பித்தேன்.

பஸ்ஸில் ஒரு விசில் அடித்தால் நில், இரண்டு விசில் அடித்தால் கிளம்பு. இது ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். நான் பரீட்சைக்குக் கிளம்பினாலும் காய்கறிக்குக் கிளம்பினாலும் நைனா வாசலில் நின்று இரண்டு விசில் அடிப்பார். அம்மா என்னைத் திட்டுவது எல்லை மீறினால் உள்ளேயிருந்து ஒரு விசில் கேட்கும். அம்மா நிறுத்திவிடுவாள். இது வரைக்கும் எல்லாம் உண்மை. உண்மையை எழுதும்போது கை தாராளமாக ஓடியது.

அப்புறம் ஒரு மழை நாளை எழுதினேன். அடையாறு பாலத்தைத் தாண்டியதும் பஸ்ஸில் ஒரே ஒரு விசில் கேட்டது என்று எழுதினேன். அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தால் நைனா சீட்டின் மேல் சாய்ந்து கிடந்தார், விசில் வாயிலேயே இருந்தது. அதைக் காகிதத்தில் மடித்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா அதைக் கழுவி, துடைத்து, சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

எழுதி முடித்தபோது இன்னும் ஆறு நிமிடம் பாக்கி இருந்தது. ஒரு தடவை படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருந்தது. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அண்ணாச்சி அழுதார்

முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். தென்கோடியிலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக் கடை வைத்த குடும்பம். தம்பிகள் கடையைப் பார்த்துக்கொள்ள, இவர் இலக்கிய ஆசையில் பதிப்பகம் வைத்தார். பக்திப் புத்தகம், சமையல், வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று போகும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அழுவதற்கு ஆசைப்படுகிறவர். நேரம் கிடைக்கும்போதெல்லாம் அழுவார்.

மத்தியானம் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். என் தாள் அவர் கையில் இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்த விசிலு இன்னும் வீட்டுல இருக்கா?"

"இருக்கு சார்."

"படிக்கப் படிக்க நெஞ்சை அடைச்சிட்டும்மா."

மேனேஜர் மட்டும் கண் கலங்காமல் உட்கார்ந்திருந்தார். "டூட்டியில இறந்தா வாரிசு வேலை உண்டே. உங்களுக்குத் தரலியா?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கண்டக்டர் மகளாகப் பிறந்து அதை யோசிக்காமல் விட்டிருந்தேன். "எழுதிப் போட்டிருக்கோம் சார். ஃபைல் நகர மாட்டேங்குது" என்றேன். முதல் பொய்யைத் தாளில் எழுதினேன். இரண்டாவதை முகத்தைப் பார்த்துச் சொன்னேன், அதுவும் சுலபமாகத்தான் இருந்தது.

"கவர்மென்ட் ஃபைலு நகராதும்மா. நீ திங்கக்கிழமையிலேருந்து இங்க வந்திரு, நான் சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி.

படியில் இறங்கும்போது சாதிக் எதிரே நின்றார். அவரை உள்ளே கூப்பிடவே இல்லை. "கெடச்சிதா? சொன்னேன்ல?" என்று மனசாரச் சந்தோஷப்பட்டார். என்ன எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை.

அன்றைக்கு வீட்டில் நைனா கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவர் விசிலை எடுத்து, வீட்டுக்குள்ளேயே, அம்மா காதைப் பொத்திக்கொள்ளும்படி இரண்டு முறை அடித்தார்.

திதியும் டிபன் பாக்ஸும்

வேலை கிடைத்துவிட்டது. இனிமேல் நைனா ஆபீஸில் செத்தவராகவே இருக்க வேண்டும். அதில் இவ்வளவு வேலை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அண்ணாச்சி ஒரு நாள், "அப்பாவுக்குத் திதி எப்பம்மா?" என்று கேட்டார். ஏதோ ஒரு தேதி சொன்னேன். அவர் அதை டைரியில் குறித்துவைத்துக்கொண்டு, அந்தத் தேதியில் எனக்கு லீவும் கொடுத்தார். அன்றைக்கு நைனாவுக்கும் வார ஓய்வு. "உனுக்கும் லீவா? வா, எதுனா சாப்ட்டு வரலாம்" என்று மயிலாப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நைனாவின் திதிக்கு நைனாவோடு உட்கார்ந்து ரவா தோசை சாப்பிட்டேன். பாதித் தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தேன். "வேலை ஜாஸ்தியாம்மா?" என்று தன் வடையையும் என் தட்டில் வைத்தார்.

சில மாதம் கழித்து ஒரு நாள் டிபன் பாக்ஸை வீட்டிலேயே மறந்துவிட்டேன். பதினொரு மணிக்கு வாட்ச்மேன் மேலே வந்து, யாரோ கண்டக்டர் வந்திருக்கிறார் என்றான். நான் ஓடினேன். ஆனால் மேனேஜர் எனக்கு முன்னால் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நைனா காக்கிச் சட்டையில், தோளில் பையோடு, கையில் டிபன் பாக்ஸோடு, பெரிய மனுஷர்களைப் பார்த்தால் சிரிக்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இது?" என்றார் மேனேஜர்.

"எங்க ஏரியா பஸ் கண்டக்டர் சார். டிபன் பாக்ஸ பஸ்ல விட்டுட்டேன் போல."

நைனா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ஆமா சார். சீட்டுல இருந்துச்சு. மேடம் டெய்லி வருவாங்க, தெரியும்."

மேடம் என்று சொன்னார். டிபன் பாக்ஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மேனேஜர், "நல்ல மனுஷன். உங்கப்பா டிபார்ட்மென்ட்டு ஆச்சே" என்றார். அன்றைக்கு அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். சாப்பிடாமல் கொண்டுபோனால் அம்மா ஏன் என்று கேட்பாள்.

சாயங்காலம் நைனா வெகு நேரம் கழித்துத்தான் கேட்டார். "ஏம்மா அப்படி சொன்ன?"

"குடும்பத்தாளுங்க ஆபீசுக்கு வரக் கூடாதுன்னு ரூல் நைனா."

"அப்படி ஒரு ரூல் கீதோ" என்றார். கண்டக்டருக்கு மேலிடம் போட்ட ரூல் என்றால் கேள்வி கிடையாது. அதற்குப் பிறகு அவர் அந்த வாசல்படி ஏறவில்லை.

நான்கு வரி

அடுத்த வருடம் மறுபடியும் ஆள் எடுத்தார்கள். இந்த முறை தாள்களை முதலில் படிக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நல்லதாக ஐந்தாறு எடுத்து அண்ணாச்சி மேஜைக்கு அனுப்ப வேண்டும், மற்றவற்றைக் கட்டி ஓரமாக வைக்க வேண்டும். பென்சிலும் கையுமாக உட்கார்ந்து மற்றவர்களின் சாவுகளுக்கு மார்க் போட்டேன்.

எது நிஜம், எது பொய் என்று எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. பொய்களில் எல்லாம் மழை பெய்தது.

வந்திருந்த தாள்களில் சாதிக்கின் தாளும் இருந்தது. இப்படி எழுதியிருந்தார்: "போன மாதம் எங்கள் அத்தா மவுத்தானார். காலையில் டீ கேட்டார். போட்டுக்கொண்டு போவதற்குள் போய்விட்டார். இதற்கு மேல் எழுத வரவில்லை, மன்னிக்கவும்."

நான்கே வரிதான். அந்த வருடம் வந்த தாள்களில் அதற்குப் பக்கத்தில் நிற்க ஒன்றும் கிடையாது. அது எனக்குத் தெரிந்தது.

அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கப் போனபோது என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். இளைத்திருந்தார்.

"நல்லா இருக்கீங்களாம்மா? வேலை எல்லாம் எப்படி கீது?" என்றார். பிறகு, "நைனா சௌக்கியமா?" என்று கேட்டார்.

மேனேஜர் நான்கடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று பார்த்தேன். போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

சாதிக் கேட்டதில் ஒரு கள்ளமும் இல்லை. அப்பாவை இழந்த மனுஷன் அடுத்தவர் அப்பாவைப் பற்றிக் கேட்டார், அவ்வளவுதான். ஆனால் இவர் இங்கே வேலைக்குச் சேர்ந்தால், இறந்துபோன கண்டக்டரின் மகள் என்று என்னைப் பற்றி ஒரு வாரத்தில் யாராவது சொல்வார்கள். அவர் இறக்கவில்லையே, நான் உட்கார்ந்திருக்கும்போதே போன் பண்ணினாரே என்று இவர் சொல்வார். பொய் சொல்லத் தெரியாதவர். கண்டிப்பாகச் சொல்வார்.

"சௌக்கியம்" என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவருடைய தாளை ஓரமாக வைக்கும் கட்டுக்குள், நடுவில், செருகி வைத்தேன்.

எத்தனையோ பேர் என்னை நிராகரித்ததை இத்தனை வாரமாக எழுதினேன். அவர்களில் யாரும் இதைச் செய்ததில்லை. அவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை, அனுப்பினார்கள். இவரை எனக்குப் பிடிக்கும். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. இதை எங்கேயாவது படித்தால் என்னைத் திட்டட்டும், அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

அண்ணாச்சியின் புத்தகம்

நைனா ஓய்வு பெற்ற வருடம் அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை வருடம் வந்த தாள்களிலிருந்து முப்பது கதைகளைப் பொறுக்கி, உண்மைச் சம்பவங்கள் என்று அவர் பெயரில் ஒரு புத்தகம் போட வேண்டும். எழுதினவர்களைக் கேட்க வேண்டாமா என்றேன். "பேரை மாத்திரலாம்மா. அவங்க பட்ட துக்கம் நாலு பேருக்கு ஆறுதல் ஆகுதுல்ல?" என்றார்.

என்னுடையதை எடுத்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"உன் கதைதாம்மா முதல் கதை."

தொகுத்தது நான், திருத்தியது நான். மற்றவர்களின் பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். என் கதையிலும் மாற்றினேன். மந்தைவெளியை வேளச்சேரி ஆக்கினேன், மகளை மகன் ஆக்கினேன். விசிலையும் எடுத்திருக்கலாம். டிக்கெட் பையை வைத்தே கதையை முடித்திருக்கலாம். எடுக்கவில்லை. அந்தக் கதையில் விசில்தான் நன்றாக இருந்தது. ஒரு நல்ல இடத்தை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. இப்படி யோசித்த ஒருத்தியைத்தான் அந்தக் கம்பெனி உதவி ஆசிரியராக வைத்திருந்தது.

கம்பெனி போடும் எல்லாப் புத்தகத்திலும் வேலை செய்பவர்களுக்கு ஒரு பிரதி உண்டு. எல்லாவற்றையும் நைனாவிடம் கொண்டுவந்து கொடுப்பேன். சமையல் புத்தகத்தைக்கூட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். இந்தப் புத்தகத்தை மட்டும் கொண்டுபோகவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அது கடைகளிலும் விற்கும் என்பதை மறந்ததுபோல இருந்துவிட்டேன்.

மாடம்

ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து, "உங்க நைனாவுக்கு இன்னா ஆச்சோ தெரியல, விசில எடுத்துக் கழுவிகினு இருந்தாரு" என்றாள்.

ஆணியைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு விசில் அங்கேதான் தொங்கும். நான் ஆபீஸ் கிளம்பும்போது எடுத்து இரண்டு விசில் அடித்துவிட்டு மறுபடியும் அங்கேயே மாட்டுவார். ஆணி காலியாக இருந்தது.

சாமி மாடத்தில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், துடைத்துப் பளபளவென்று விசில் இருந்தது.

நைனா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. ஸ்டூலின் மேல் அண்ணாச்சியின் புத்தகம். நடுவில் அடையாளத்துக்கு ஒரு பழைய பஸ் டிக்கெட் வைத்திருந்தார். முதல் கதையோடு நிறுத்தவில்லை, மேலே படித்துக்கொண்டு போயிருந்தார்.

நான் நின்றேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பலராமன் குடுத்தான்" என்றார். பலராமன் அவரோடு பல வருடம் வண்டி ஓட்டிய டிரைவர். "கண்டக்டர் கதை ஒண்ணு வந்துகீது, உன்ன மாதிரியே கீது, படின்னான்."

"நைனா..."

"நல்லாத்தான் எழுதிகீற. அவன்தான் சொன்னான், டூட்டில செத்தா வாரிசு வேலை குடுப்பாங்களே, எழுதுனவனுக்கு அது தெரியலியேன்னு. நான் ஒண்ணும் சொல்லல. நீ எழுதுனதுன்னு அவனுக்குத் தெரியாது."

டி.வி.யைப் பார்த்துக்கொண்டே பேசினார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த டிபன் பாக்ஸ் அன்னிக்கு நீ சொன்னது, இதுக்குத்தானா?" என்றார்.

தலையை ஆட்டினேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் குரலைத் தாழ்த்தி, அடுப்படிக்குக் கேட்காமல், ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் உசுரோட கீறேன்னு தெரிஞ்சா உன் வேலைக்கு எதுனா ஆயிடுமாம்மா?"

"ஆகாது நைனா."

"பாத்து இரு. நான் அந்தப் பக்கம் வர்ல."

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றார். கையை மட்டும் ஆட்டினார். விசில் மாடத்திலேயே இருந்தது.

அந்தக் கம்பெனியில் இன்னும் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அந்த நான்கு வருடமும் நைனா தி. நகர் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. தீபாவளிக்குத் துணி எடுப்பதைக்கூட மயிலாப்பூரிலேயே முடித்துக்கொண்டார். ஓய்வு பெற்றவர் என்று கொடுத்த இலவச பாஸ் சட்டைப் பையில் இருக்கும். மந்தைவெளி ஸ்டாப்பிங்கில் அவர் நிற்கும்போது தி. நகர் பஸ் வந்து நின்றால், உள்ளேயிருந்து பழைய ஆட்கள் யாராவது, "வா தலைவரே, ஏறு" என்று கூப்பிடுவார்கள். நைனா சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நிழலில் நின்றுகொள்வார்.